உடம்பை விட்டு வெளியே போற மாதிரி வர்ற தெளிகனவு: உங்களுக்கும் உண்டா?

சன்னல்_சீட்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுறது இப்பதான்.

காலையில அஞ்சு மணிக்கு அலாரம் அடிக்கும். அதை அமுக்கிட்டு மறுபடி படுத்தா சில நாள் தூக்கம் பிடிக்கறதுக்கு முன்னாடியே காதுக்குள்ள மிக்சி ஓடுற மாதிரி ஒரு இரைச்சல் கிளம்பும். உடம்பெல்லாம் அதிரும். கை காலை அசைக்க முடியாது. முன்னெல்லாம் பயந்துபோய்க் கத்தப் பார்ப்பேன், சத்தமே வராது. இப்போ பயப்படாம அதும் போக்குல விட்டுடறேன். விட்டா, உடம்புல இருந்து ஏதோ உரிஞ்சு வந்து மேல எழும்புது. சீலிங் பக்கத்துல நின்னு கீழே பார்த்தா கட்டில், அதுல ஒருக்களிச்சுப் படுத்திருக்கிற நான், பக்கத்துல வீட்டுக்காரம்மா. அப்புறம் சுவர் வழியா மொட்டை மாடிக்குப் போயிடுவேன்.

இது கனவுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா கனவுன்னு தெரிஞ்சு பறக்கிற சாதாரண லூசிட் ட்ரீம், அதான் தெளிகனவு, எனக்கு காலேஜ் காலத்துல இருந்தே வரும். அது வேற ரகம். அதுல ஊரும் ஆளும் மாறிக்கிட்டே இருக்கும். இது என் வீடு, என் ரூம், அப்படியே இருக்கு.

இன்னொண்ணு. மேலேயிருந்து பார்த்தப்போ ஃபேன் இறக்கை மேல தூசி அட்டை அட்டையா படிஞ்சிருந்தது. கீழே நின்னா அது கண்ணுக்குப் படாது. எழுந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். அப்படியே இருந்துச்சு! இதுக்கு என்ன சொல்றீங்க?

கொங்குத்தேனீ

ஏனுங்க, ஃபேன் மேல தூசி இல்லாத ஊடு ஒண்ணு நம்மூர்ல காட்டுங்க பார்ப்போம். இதுக்கு ஆவி வெளிய போயிப் பார்க்கோணுமாக்கும்?

தெற்கத்தி

சிரிக்காதீங்க தம்பி, அனுபவிச்சவங்களுக்குத்தான் அது தெரியும். எங்க பக்கம் இதை அமுக்குப் பேய்னு சொல்வாங்க. நெஞ்சு மேல ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கும், மூச்சு முட்டும். எங்க ஆச்சி தலைமாட்டுல ஒரு இரும்புத் துண்டு வைக்காம எங்களைப் படுக்க விட மாட்டாங்க. நான் இந்த வயசுலயும் அரிவாள்மணைய கட்டிலுக்கு அடியிலதான் போட்டு வச்சிருக்கேன். பேய்க்காக இல்ல, பழக்கம்.

ஆனா அமுக்குறதோட சரி. மேல எழும்பிப் பறந்ததெல்லாம் எனக்கு இல்ல. அது வேற, இது வேறயா?

லீட்_ஒட்டறவன்

ரெண்டும் ஒரே வாசல்தான் அக்கா. சிலர் வாசல்லயே மாட்டிக்கறாங்க, சிலர் தாண்டிப் போயிடறாங்க.

நான் ஒரு ஆஸ்பத்திரி தூக்க ஆய்வுக்கூடத்துல டெக்னீஷியன். ராத்திரி பூரா அடுத்தவங்க தூங்கறதைப் பார்க்கிறதுதான் வேலை, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

வர்றவங்க தலையில மூளை அலையை அளக்கற இ.இ.ஜி. லீட், ரெண்டு கண்ணோட வெளி ஓரத்துல ஒண்ணு ஒண்ணு, தாடைக்குக் கீழே தசைக்கு லீட், இதெல்லாம் பேஸ்ட் போட்டு ஒட்டுவோம். முழிச்சிருக்கும்போது தாடைக் கோடு தடிமனா, முள்ளு முள்ளா ஓடும். தூக்கம் ஆழமாக ஆக மெலியும். கனவு அதிகமா வர்ற ரெம் தூக்கம் வந்ததும் ஸ்க்ரீன்ல அந்தக் கோடு நூல் மாதிரி படுத்துடும். அதே நேரத்துல கண்ணோட ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஏற, இன்னொண்ணு கீழ இறங்கும். கண் உள்ளே உருண்டுக்கிட்டிருக்கும். மூளை அலையை மட்டும் காட்டினா முழிச்சிருக்கிற ஆளோன்னு சந்தேகம் வரும். கனவுல ஓடறோம், அடிக்கறோம். உடம்பும் கூடவே எழுந்து ஓடிடாம மூளைத்தண்டு தசைகளுக்குப் போற உத்தரவைத் தடுத்து வைக்குது. கண்ணும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் அதுக்கு விலக்கு.

இந்த ரெம் ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும். ராத்திரி முதல் தடவை சில நிமிஷம்தான். விடிய விடிய நீளும். சன்னல்_சீட் அஞ்சு மணிக்கு எழுந்து அலாரத்தை அமுக்கிட்டுப் படுக்கறார் பாருங்க, அது ரெம் அடர்த்தியா இருக்கற நேரம். புத்தி முழுசா அணையறதுக்குள்ள உடம்பு நேரா ரெம்முக்குள்ள விழுந்துடுது. அறிவு முழிப்பு, தசை பூட்டு. தெற்கத்தி அக்காவுக்கு நெஞ்சு அழுத்தற மாதிரி இருக்கறது இங்கேதான்: மூச்சு தானா ஓடிக்கிட்டிருக்கு, நீங்களா ஆழமா இழுக்கப் பார்த்தா விலாத் தசை ஒத்துழைக்காது. பயம் அதுக்கு ஒரு முகம் கொடுக்குது.

பயப்படாம விட்டா என்ன ஆகும்? உடம்பு எங்கே இருக்குன்னு மூளைக்குச் சொல்ல தசை, மூட்டு, உள்காது எல்லாம் ஓயாம சேதி அனுப்பணும். அந்தச் சேதி மங்கிடுது. அப்போ மூளை தானா ஒரு உடம்பை வரைஞ்சுக்குது. அது கட்டிலோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, மிதக்கும். இவர் தன் ரூம்ல படுத்திருக்கோம்கற நினைப்போடயே உள்ளே போறதால கனவு அந்த ரூமையே செட் போடுது. நடு ராத்திரி கனவுக்குள்ள இருந்து ‘அட, இது கனவு’ன்னு புரிஞ்சுக்கறவங்களுக்குப் பெரும்பாலும் ரூம் வராது, ஊர் வரும். சன்னல்_சீட் ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னு சொன்னது சரி, அந்த வித்தியாசம் நுழையற வழியில இருக்கு. 1999-ல தெளிகனவு ஆய்வாளர் லபெர்ஜ் குழு வெளியிட்ட ஒரு ஆய்வுல 107 தெளிகனவை அலசினாங்க. அதுல 10 உடம்பை விட்டு வெளியேறுற வகை. முழிப்புல இருந்து நேரா உள்ளே போன கனவுகள்லதான் அது அதிகம்.

பூஜ்யம்

@லீட்_ஒட்டறவன் அருமை சார். ஒரு சந்தேகத்தை நானே கேட்டுடறேன், இல்லேன்னா வேற யாராவது கேட்பாங்க. ஆள் உண்மையிலேயே தூங்கிக்கிட்டுத்தான் இதைப் பார்க்கிறார், அரை முழிப்புல கற்பனை பண்ணலைன்னு எப்படி நிரூபிச்சாங்க?

லீட்_ஒட்டறவன்

கண்ணை வச்சுத்தான். தசை பூட்டினாலும் கண் பூட்டாதுன்னு சொன்னேனே. 1975 ஏப்ரல்ல இங்கிலாந்து ஹல் பல்கலைக்கழகத்துல கீத் ஹேர்ன்ங்கற ஆய்வாளர், தெளிகனவு பழகின ஆலன் வோர்ஸ்லிங்கறவரைப் படுக்க வச்சார். கனவுல தெளிவு வந்ததும் கண்ணை இடம் வலமா இத்தனை தடவை ஆட்டணும்னு முன்கூட்டியே பேச்சு. தாடைக் கோடு படுத்திருக்கு, மூளை ரெம்முல இருக்கு, கண் கோடு மட்டும் பேசி வச்ச கணக்குப்படி ஏறி இறங்குது. ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீபன் லபெர்ஜ் தனியா இதையே செஞ்சு 1981-ல வெளியிட்டார்.

2021-ல அடுத்த படி. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துன்னு நாலு ஆய்வுக்கூடம் சேர்ந்து 36 பேர்கிட்ட, கனவுக்குள்ள இருக்கும்போதே கேள்வி கேட்டாங்க. எட்டுல ஆறு போனா எவ்வளவுன்னு ஒருத்தர்கிட்ட கேட்டா, தூங்கிக்கிட்டே கண்ணை ரெண்டு தடவை ஆட்டினார். எல்லாருக்கும் எல்லா நேரமும் பலிக்கலை, பெரும்பாலும் பதிலே வரலை. ஆனா வந்த சில பதில் போதும்.

துரியம்

நண்பர்களே, கருவி அளப்பது உடம்பை மட்டும்தான். உடம்பில் ரெம் தூக்கம் நடக்கிறது என்பதால் உயிர் வெளியே போகவில்லை என்று ஆகிவிடுமா? சாக்கிரம் (விழிப்பு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (ஆழ்ந்த உறக்கம்), அதற்கும் அப்பால் துரியம், துரியாதீதம் என்று ஐந்து நிலைகளை நம் சைவ மரபு எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. சூக்கும சரீரம் (நுண்ணுடல்) தூல சரீரத்தை (பருவுடலை) விட்டுப் பிரிந்து திரும்பும் என்பதும் நமக்குப் புதிதல்ல. திருமூலர் சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்ற இடையனின் உடலில் புகுந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். ரமணருக்கு 1896-ல் மதுரையில் பதினாறு வயதில் நேர்ந்ததும் இதுவே. மேல்நாட்டிலும் அமெரிக்கரான ராபர்ட் மன்றோ 1971-ல் எழுதிய புத்தகத்தில், சன்னல்_சீட் சொல்லும் அதே அதிர்வை அப்படியே விவரித்திருக்கிறார். இத்தனை பேரும் கனவா கண்டார்கள்?

தெற்கத்தி

துரியம் ஐயா, திருமூலர் மூலன் உடம்புக்குள்ள போனது மாடுகள் மேய்ப்பன் செத்துட்டான்னு சுத்தி நின்னு கதறினதைப் பொறுக்க மாட்டாம. அதுங்களை வீடு கொண்டு சேர்க்கத்தான் போனார். நாம அலாரத்தை அமுக்கிட்டுப் போறோம். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கிறது எனக்கு ஒப்பலை.

பூஜ்யம்

ரமணர் விஷயத்திலும் ஒரு திருத்தம். அவர் தூங்கவில்லை. நல்ல முழிப்பில், திடீரென மரண பயம் வந்ததும் தானே பிணம்போல விறைத்துப் படுத்து, இந்த உடம்பு செத்துவிட்டால் நான் செத்துவிட்டேனா என்று உள்ளே விசாரித்தார். மேலே மிதந்து தன் உடம்பைப் பார்த்ததாக அவர் சொல்லவே இல்லை. அவரை இந்தக் கணக்கில் சேர்ப்பது அவருக்கே அநியாயம்.

மன்றோவின் அதிர்வு சரிதான். தெற்கத்தி அம்மாவின் ஆச்சிக்கும், அமெரிக்கக்காரருக்கும், இந்த இழையை ஆரம்பித்தவருக்கும் ஒரே மாதிரி வருகிறது என்றால் எல்லோர் மூளைத்தண்டும் ஒரே மாதிரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் ஒரே உலகத்துக்குப் போனார்கள் என்று அதிலிருந்து எப்படி எடுப்பது?

எனக்குப் பிடித்த உதாரணம் சூசன் பிளாக்மோர். 1970-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவி. களைத்துப்போய், கஞ்சா வகையும் புகைத்திருந்த ஓர் இரவில் உடம்பை விட்டு வெளியே வந்து கூரைகளுக்கு மேலே பறந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் தான் பார்த்த கூரையும் புகைபோக்கியும் நிஜத்தோடு பொருந்தவில்லை. அப்படியும் அவர் விடவில்லை. ஆன்மா, அமானுஷ்யம் எல்லாவற்றையும் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று ஆராய்ச்சிக்கே போனார். வருஷக்கணக்கில் தேடிவிட்டு, நம்பிக்கை போய்த் திரும்பினார். அவருக்கு நடந்த அனுபவத்தை மட்டும் அவர் ஒருநாளும் மறுக்கவில்லை.

துரியம்

அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் டார்ட் 1968-ல் வெளியிட்ட ஆய்வை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆய்வுக்கூடத்தில் படுத்திருந்த ஒரு பெண், தலைக்கு மேலே அலமாரியில் வைத்திருந்த ஐந்திலக்க எண்ணை, 25132 என்று சரியாகச் சொன்னாரே!

பூஜ்யம்

விடவில்லை ஐயா, நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை நடந்தது. அந்த அறையில் இருந்த கடிகாரத்தின் மேற்பரப்பில் எண் பிரதிபலித்திருக்கலாம் என்ற வாய்ப்பை டார்ட்டே ஒதுக்கவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமான சோதனை உலகெங்கும் திரும்பத் திரும்பப் பலித்திருந்தால் இன்று இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

லீட்_ஒட்டறவன்

இன்னொரு பக்கத்துல இருந்தும் விஷயம் இருக்கு. 2002-ல ஜெனீவாவுல ஓலாஃப் பிளாங்கே குழு, வலிப்பு நோய்க்கு சிகிச்சைக்கு வந்த 43 வயசுப் பெண்ணுக்கு மூளையில மின்முனை வச்சுச் சோதிச்சாங்க. வலப்பக்கம் காதுக்குப் பின்னால மேலே, கோண மடிப்புன்னு ஒரு இடம். லேசா மின்சாரம் கொடுத்தா கட்டிலுக்குள்ள அமுங்கற மாதிரி இருக்குன்னாங்க. அளவைக் கொஞ்சம் கூட்டினா, ‘மேலேயிருந்து என்னைப் பார்க்கிறேன், ஆனா காலும் உடம்போட கீழ்ப்பகுதியும்தான் தெரியுது’ன்னாங்க. கட்டில்ல இருந்து ரெண்டு மீட்டர் உசரத்துல, சீலிங்கை ஒட்டி. நிறுத்தினா நின்னுடும். பார்வை, தொடுகை, உள்காதுச் சமநிலை மூணும் வந்து சேர்ற சந்திப்பு அந்த இடம். நான் இங்கே இருக்கேங்கறதைக் கட்டற கொத்தனார் அங்கேதான் உட்கார்ந்திருக்கார்.

வடலி

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவில இருக்கிறன். எனக்கும் உது வாறது, இரவு வேலை செய்த காலத்தில துடங்கினது. விடியக்காலமை வந்து படுத்தால் கட்டிலில இருந்து உருண்டு விழுற மாதிரி வெளிய வந்திடுவன்.

கதவைத் திறந்தால் வெளியில ஸ்னோ கிடக்கவேணும். கிடக்காது. ஊர் வீட்டு முற்றம் கிடக்கும். யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கு, 90இல இடம்பெயர்ந்து வந்தனாங்கள். கிணத்தடிக்குப் போவன். தண்ணி அள்ளுற துலாக்கொடி கையில சொரசொரக்கும். கிணத்துக்கட்டில அம்மம்மா நெடுக செம்பு வைச்சு வைச்சு ஒரு குழி விழுந்திருக்கும், அதுக்குள்ள விரலை வைச்சுப் பார்த்திருக்கிறன், ஈரமாய் இருந்தது.

அந்த வீடு இப்ப இல்லை. ஆமி காணியைத் திருப்பி விட்ட பிறகு போய்ப் பார்த்த சொந்தக்காரர் அத்திவாரம்கூட இல்லை, பத்தைக்காடுதான் எண்டு சொல்லிச்சினம். துரியம் அண்ணை, நான் உண்மையாய் உயிராய் வெளிக்கிட்டு அங்க போறனெண்டால் பத்தையைத்தானே பார்த்திருக்கவேணும்? நான் பார்க்கிறது எனக்குள்ள இருக்கிற வீட்டை. அதால எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்தையைப் பார்க்க ஆர் போறது?

கொங்குத்தேனீ

அக்கா, அந்தச் செம்புக் குழிக்கு முன்னாடி இந்த வாதமெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. 🙏

துரியம்

வடலி தங்கைக்கு என் வணக்கம். அது கடந்த காலத்தின் பதிவாகவும் இருக்கலாம். சூக்கும உலகில் காலம் நம் கணக்கில் ஓடுவதில்லை. இதற்கு மேல் நான் வாதாட விரும்பவில்லை.

பூஜ்யம்

சன்னல்_சீட், நீங்கள் ஏன் சோதித்துப் பார்க்கக்கூடாது? வீட்டில் யாரையாவது ஒரு அட்டையில் எண் எழுதி பீரோ மேல் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். மேலே போனால் படியுங்கள். ஒருமுறை படித்து, கண்ணைத் திருப்பி, மறுமுறையும் படியுங்கள்.

சன்னல்_சீட்

நல்ல யோசனை. வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன், ஒரு மாதிரி பார்த்துட்டு ஒத்துக்கிட்டா. கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன்.

சன்னல்_சீட்

வந்துட்டேன். முந்தாநாள் அமைஞ்சது. அதிர்வு, மேல போறது எல்லாம் வழக்கம்போல. பீரோ மேல அட்டை இருந்தது. 417-னு தெளிவாப் படிச்சேன். திரும்பிப் பார்த்துட்டு மறுபடி படிச்சா 471-ங்கற மாதிரி இருந்தது. மூணாவது தடவை அட்டையே தேதி கிழிக்கிற காலண்டரா மாறிடுச்சு. அப்பதான் கட்டிலைக் கவனிச்சேன். போர்த்தியிருந்தது பழைய நீலப் போர்வை. அதைப் பழைய துணிக்காரன்கிட்ட போட்டு எவ்வளவோ காலம் ஆச்சு.

எழுந்து பீரோ மேல இருந்து அட்டையை எடுத்தேன். அதுல எண்ணே இல்லை. ‘கேஸ் புக் பண்ணியாச்சா?’ன்னு எழுதி வச்சிருக்கா.

கொங்குத்தேனீ

😂😂 அம்மணிக்கு ஒரு கும்புடு போடுங்க! கேஸ் புக் பண்ணீங்களா இல்லையா?

துரியம்

இதில் வியப்பில்லை. சூக்கும உலகம் தூல உலகின் நகலல்ல. மனதின் சாயல் கலந்துதான் தெரியும். அனுபவம் முதிர்ந்தவர்களுக்கே தெளிவாகப் புலப்படும்.

பூஜ்யம்

மனதின் சாயல் கலக்காத இடம் எது என்று எப்போதாவது ஒன்றைக் காட்டினால் பேசலாம். போர்வை பழசு, எண் மாறுகிறது, அட்டை காலண்டராகிறது. இதற்குப் பெயர் வீடு என்றால், எல்லாக் கனவும் வீடுதான்.

சன்னல்_சீட்

உண்மையைச் சொன்னா எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனா மறுநாளே திரும்பப் போகணும்னு தோணுச்சு. சீலிங்ல நின்னு என்னைப் பார்க்கிறப்ப வர்ற அமைதி அது எங்கே நடந்தாலும் எனக்கு வேணும்.

புது_உறுப்பினர்

அண்ணா, இதுக்கு மாத்திரை இருக்குன்னு யூடியூபில் பார்த்தேன். கேலண்டமைன்னு பேர். ஆன்லைனில் வாங்கலாமா?

லீட்_ஒட்டறவன்

வாங்காதீங்க தம்பி. 2018-ல ஒரு ஆய்வு வந்தது உண்மை. 121 பேர், எல்லாரும் நடு ராத்திரி எழுந்து பயிற்சி செஞ்சு மறுபடி படுத்தவங்க. மருந்தே இல்லாத போலி மாத்திரையில 14 சதவீதம் பேருக்குத் தெளிகனவு வந்தது, 4 மில்லிகிராம்ல 27, 8 மில்லிகிராம்ல 42. ஆனா அது அல்சைமர் நோயாளிகளுக்கு டாக்டர் எழுதித் தர்ற மருந்து. குமட்டல் வரும், சிலருக்கு இதயத் துடிப்பு குறையும். போலி மாத்திரையிலயே 14 சதவீதம் பேருக்கு வந்ததைக் கவனிச்சீங்களா? அஞ்சு மணி நேரம் தூங்கி, எழுந்து அரை மணி உட்கார்ந்து, ‘அடுத்த கனவுல கனவுன்னு கண்டுபிடிப்பேன்’னு நினைச்சுக்கிட்டே படுங்க. அதுக்குக் காசு ஆகாது. அதையும் தினமும் செய்யாதீங்க, தூக்கம் கெட்டா பகல் வீணாப்போகும். மனநோய்க்கு மருந்து சாப்பிடறவங்க, நிஜம் எது கனவு எதுன்னு ஏற்கெனவே குழம்பறவங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வடலி

லீட்_ஒட்டறவன் தம்பி, ஒரு உதவி. கிணத்தடிக்குப் போன கொஞ்ச நேரத்திலயே எல்லாம் மங்கத் துடங்கிடும். நிண்டு பிடிக்க வழி இருக்கோ?

லீட்_ஒட்டறவன்

இருக்கு அக்கா. மங்க ஆரம்பிச்சதும் கனவுக்குள்ளயே ரெண்டு உள்ளங்கையையும் பரபரன்னு தேயுங்க, இல்லேன்னா நின்ன இடத்துல சுத்துங்க. லபெர்ஜ் சோதிச்சுப் பார்த்த வழி. சுத்தினா இடம் மாறிப் போக வாய்ப்பு இருக்கு, அதனால உங்களுக்குக் கை தேய்க்கறதுதான் நல்லது. அந்தத் துலாக்கொடியை விடாம பிடிச்சுக்கிட்டாலும் சரி, தொடுகை ஓடிக்கிட்டிருந்தா கனவு நிக்கும். தூரத்துல எதையும் உத்துப் பார்க்காதீங்க.

தெற்கத்தி

எனக்கு நிக்க வேண்டாம் தம்பி, அமுக்குறது வராம இருக்க வழி சொல்லுங்க போதும்.

லீட்_ஒட்டறவன்

மல்லாந்து படுக்காதீங்க அக்கா, ஒருக்களிச்சுப் படுங்க. தூக்க நேரம் தினமும் ஒண்ணா இருக்கட்டும், ரெண்டு நாள் முழிச்சு மூணாம் நாள் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா இது எட்டிப் பார்க்க வாய்ப்பு அதிகம். வந்துடுச்சுன்னா எழுந்திரிக்கப் போராடாம கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்க, சிலருக்கு அதுல பூட்டு விட்டுடும். பகல்ல உட்கார்ந்த இடத்துல தூக்கம் சொக்கிக்கிட்டு வருது, சிரிச்சாலோ கோபப்பட்டாலோ முட்டி மடங்குதுன்னா மட்டும் நரம்பு டாக்டரைப் பாருங்க, அது நார்கோலெப்சிங்கற தூக்கக் கோளாறா இருக்கலாம். அப்புறம், அந்த அரிவாள்மணையைக் கொஞ்சம் தள்ளி வைங்க. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து அதுல கால் வைக்கறதுதான் இதுல எனக்குத் தெரிஞ்ச நிஜ ஆபத்து.